வடக்குப்பட்டு மேடும் கோர்தோபா தெருவும்

1. இன்னைக்கு சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. வரலாறு. கொஞ்சம் நீளமான த்ரெட். ஒரு டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

தெற்கு ஸ்பெயினில் கோர்தோபா என்று ஒரு நகரம். அதன் பழைய தெருக்களில் நடப்பதற்காகவே உலகம் முழுக்க இருந்து ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். நம் ஒரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம். அதன் மண்ணுக்கு அடியில் கிடைத்தது கோர்தோபா நகரத்தைவிடப் பழசு. ஷிஃப்ட் பஸ்ஸில் அந்தப் பக்கமாகவே தினமும் போய் வருகிற உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2. 2022இல் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் வடக்குப்பட்டில் அகழாய்வு நடத்தியது. மேல் அடுக்கில் செங்கல் கட்டுமானம். சங்க காலப் பொருட்கள்: கண்ணாடி மணிகள், வளையல் துண்டுகள், சுடுமண் பொம்மைகள், தங்க நகை. ஊரைச் சுற்றி முற்காலப் பல்லவர் காலச் சிற்பங்கள். இதற்கெல்லாம் கீழே, சுமார் 75 செ.மீ. ஆழத்தில், கல்லால் ஆன கருவிகள். வெட்டும் கருவி, சுரண்டும் கருவி, கைக்கோடரி. கருவிகள் செய்த பட்டறையே அங்கு இருந்திருக்க வேண்டும், காலம் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முந்தையது என்று அகழாய்வுக் குழு அப்போது சொன்னது.

3. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. இது ஒரு ராஜா கட்டின கோட்டை இல்லை, கோபுரம் இல்லை. மனுஷங்க குடியிருந்த இடம். கல்லை உடைத்தவன் இருந்த அதே மேட்டில், பல்லாயிரம் வருஷம் கழித்து மணி கோத்த பெண் இருந்திருக்கிறாள். அவளுக்கும் பல நூறு வருஷம் பின்னால் பல்லவர் காலத்து ஆட்கள் சாமி கும்பிட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், இது ஒரு பழைய "தெரு". மண் மூடிக் கிடக்கிற தெரு.

4. அங்கே கிடைத்ததில் இன்னொன்று: ரோமானிய ஆம்ஃபோரா ஜாடியின் உடைந்த துண்டுகள். ஆம்ஃபோரா என்றால் இரண்டு பக்கமும் கைப்பிடி, அடிப்பக்கம் கூம்பிப் போயிருக்கும் பெரிய மண்ஜாடி. கப்பலின் அடித்தளத்தில் வரிசையாகச் செருகி வைக்க வசதி. அந்தக் காலத்துக் கண்டெய்னர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசையாக நிற்கிறதே, அதே வட்டாரத்துக்கு 2000 வருஷத்துக்கு முன்பே கடல் தாண்டி கண்டெய்னர் வந்திருக்கிறது!

5. இந்த ஜாடிகள் எங்கிருந்து வந்தன? வடக்குப்பட்டிலிருந்து தெற்கே, புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்தினார். அதிகம் இருந்தது மது ஜாடி, முக்கியமாக கிரேக்கத் தீவான கோஸ் வகை. கூடவே ஆலிவ் எண்ணெய் ஜாடியும், "கரம்" என்ற மீன்சாறு ஜாடியும். ஸ்பெயினில் இருந்து வந்தவையும் அவற்றில் உண்டு. கரம் என்பது மீனை உப்புப் போட்டு வெயிலில் ஊறவைத்து எடுக்கிற சாறு. நம்ம கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

6. ரோமானியர் காலத்தில் தெற்கு ஸ்பெயினுக்கு பேட்டிகா மாகாணம் என்று பெயர். தலைநகரம் கோர்துபா. இன்றைய கோர்தோபாதான். குவாதல்கிவிர் ஆற்றங்கரை முழுக்க ஆலிவ் தோப்பும், எண்ணெய் ஜாடி சுடும் சூளைகளும். அந்த ஜாடிகள் ரோம் நகரத்துக்குப் போய், எண்ணெய் காலியானதும் உடைத்துக் கொட்டப்பட்டன. கொட்டிக் கொட்டி அது ஒரு குன்றாகவே ஆகிவிட்டது. மோன்தே தெஸ்தாச்சோ என்று பெயர். சுமார் 35 மீட்டர் உயரம். முழுக்க ஓட்டாஞ்சல்லி. பெரும்பகுதி இந்த பேட்டிகா ஜாடி.

7. குப்பைமேடுதானே, அள்ளிப் போட்டு பிளாட் போடுவோம் என்று ரோம்காரர்கள் நினைக்கவில்லை. ஜாடிகளின் மேல் மையால் எழுதிய எடை, அனுப்பியவர் பெயர், ஆண்டுக் குறிப்பு எல்லாவற்றையும் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பேரரசின் எண்ணெய்க் கணக்கு அந்தக் குப்பையில்தான் இருக்கிறது. மேடு என்பது வெறும் மண் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

8. சரி, இப்போ அந்த ஜாடி புறப்பட்ட ஊருக்கே போவோம். கோர்தோபா போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெரிய மசூதி. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கியது. அடுத்த 200 வருஷம் நீட்டிக்கொண்டே போனார்கள். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் இரட்டை வளைவுகள், 850க்கும் மேற்பட்ட தூண்கள். நிறையத் தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களில் இருந்து எடுத்து வந்து நட்டவை. 1236இல் கிறிஸ்தவ அரசர் ஊரைப் பிடித்ததும் அது தேவாலயம் ஆனது. 16ஆம் நூற்றாண்டில் நடுவிலேயே ஒரு கதீட்ரலை எழுப்பினார்கள். இன்றும் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கின்றன.

9. மசூதியை விட்டு வெளியே வந்தால் யூதத் தெருக்கள். இரண்டு ஆள் தோள் உரசிப் போகும் சந்து. வெள்ளைச் சுவர். 1315இல் கட்டிய ஒரு சின்ன யூத ஆலயம் இருக்கிறது. 1492இல் யூதர்களை ஸ்பெயினை விட்டே துரத்தினார்கள். அதன் பிறகு இந்தக் கட்டடம் என்ன ஆனது தெரியுமா? வெறிநாய்க்கடி நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரி! மருத்துவர்களுக்கு இது சும்மா கடந்து போகிற தகவல் இல்லை. ரேபிஸ் வந்தவரைக் காப்பாற்ற இன்றும் உறுதியான வழி கிடையாது. அன்று அந்தச் சுவருக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு செருப்புத் தைப்பவர்கள் சங்கத்தின் வழிபாட்டு இடம். 1884இல் சுவர்ப்பூச்சுக்கு அடியில் எபிரேய எழுத்து தெரிந்தது. அடுத்த வருஷமே தேசியச் சின்னமாக அறிவித்தார்கள்.

10. இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். 1984இல் யுனெஸ்கோ மசூதியை மட்டும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பத்து வருஷம் கழித்து, 1994இல், அதைச் சுற்றியுள்ள பழைய நகரத்தையும் சேர்த்து விரிவாக்கியது. கட்டடம் மட்டும் போதாது, அதைச் சுற்றி மனிதர்கள் வாழ்ந்த, வாழ்கிற தெருவும் சேர்ந்ததுதான் வரலாறு என்று ஒப்புக்கொண்டார்கள்.

அங்கே அந்த வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மே மாதம் தங்கள் முற்றத்தைப் பூந்தொட்டியால் நிரப்பி வாசலைத் திறந்து வைப்பார்கள். 2012இல் அந்த முற்றத் திருவிழாவும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது.

11. எங்க துறைக்காரர் ஒருவரைச் சொல்லாமல் கோர்தோபாவைத் தாண்ட முடியாது. அபுல் காசிம் அல் ஸஹ்ராவி. 10ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவர். 30 பகுதி கொண்ட மருத்துவக் களஞ்சியம் எழுதினார். கடைசிப் பகுதி முழுக்க அறுவை சிகிச்சை, சுமார் 200 கருவிகளின் படத்தோடு. பல நூற்றாண்டுகள் ஐரோப்பா அதைப் படித்துத்தான் கத்தி பிடித்தது.

அவர் பெயரில் இருக்கும் "ஸஹ்ரா", கோர்தோபாவுக்கு மேற்கே இருந்த அரண்மனை நகரம், மதீனத் அஸ் ஸஹ்ரா. 936 வாக்கில் கட்டத் தொடங்கி, நூறு வருஷம்கூட முழுசாக வாழாமல் சூறையாடப்பட்டது. கல்லையெல்லாம் ஆட்கள் பெயர்த்து எடுத்துப் போனார்கள். நகரம் மண்ணுக்குள் போனது. 1911இல்தான் தோண்டத் தொடங்கினார்கள். இன்னமும் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில்தான். 2018இல் அதுவும் உலகப் பாரம்பரியச் சின்னம்.

12. ஸஹ்ராவி இறந்து சுமார் 50 வருஷம் கழித்து, வடக்குப்பட்டில் இருந்து வாலாஜாபாத் தாண்டிப் பாலாற்றங்கரையில் ஓர் ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது. ஆமாம், நம்ம ஊர் ஆஸ்பத்திரி. இடம்: திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து, 1068 வாக்கிலான நீண்ட கல்வெட்டு. அதில் "வீரசோழன்" என்ற பெயர் கொண்ட ஆதுலசாலையின் கணக்கு இருக்கிறது. கோயிலோடு சேர்ந்த கல்விச்சாலை மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் சிகிச்சை தந்த இடம்.

13. அந்தக் கணக்கைப் பார்த்தால் இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போடும் பணியாளர் பட்டியல் மாதிரியே இருக்கும். படுக்கை 15. தலைமை மருத்துவர் ஒருவர், பெயர் கோதண்டராம அசுவத்தாம பட்டர். ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு சம்பளம். அறுவை செய்பவர் ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள். மருந்து காய்ச்சி நோயாளியைக் கவனிக்கப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர். தண்ணீர் கொண்டுவர ஒருவர். இரவு முழுக்க எரிய விளக்குக்கு எண்ணெய்.

இருப்பில் வைக்க வேண்டிய சுமார் 20 மருந்துகளின் பெயரும் உண்டு. தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், புராண கிருதம்... ஹரீதகி என்றால் கடுக்காய், கிருதம் என்றால் நெய். மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக்கூட ஒதுக்கீடு போட்டிருக்கிறார்கள்!

14. இப்போ ஒரு கேள்வி. கல்வெட்டு இருக்கு. கோயில் இருக்கு. அந்த ஆஸ்பத்திரி எங்கே?

15 படுக்கை போட்ட கூடம், மருந்து காய்ச்சிய அடுப்பு, கடுக்காய் இடித்த உரல், எண்ணெய் ஊற்றிய விளக்கு. எதுவும் இல்லை. கல்லில் கட்டியது நின்றது. மரத்திலும் மண்ணிலும் ஓலையிலும் கட்டியது போய்விட்டது. நோயாளி படுத்த இடம் நிலத்தோடு நிலமாகிவிட்டது.

ஸஹ்ராவிக்குப் புத்தகம் மிஞ்சியது, ஊர் மண்ணுக்குள். நமக்குச் சுவர் மிஞ்சியது, ஆஸ்பத்திரி காணோம்.

15. நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். பெரிய சின்னம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். கோபுரத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும், இடிக்கத் தயங்குவார்கள். சட்டமும் துணைக்கு வரும். மத்திய அரசு அறிவித்த சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம் இது. ஆனா சாதாரண ஜனங்க குடியிருந்த மேட்டுக்கு கோபுரமும் இல்லை, பலகையும் இல்லை. அறிவிக்கப்படாத மேட்டுக்கு அந்த 100 மீட்டரும் இல்லை. அதைக் காப்பாற்ற முடிந்தவர்கள் அதன் மேலும் பக்கத்திலும் வாழ்கிறவர்கள் மட்டும்தான்.

16. 75 செ.மீ. என்று சொன்னேனே, அந்த அளவை மறுபடி யோசியுங்க. உங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜை உயரம். அவ்வளவுதான். 12,000 வருஷத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு மேஜை உயரம் மண். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினாலே அதைவிட ஆழம் போகும். ஜேசிபி பக்கெட் இரண்டு முறை இறங்கி ஏறினால், கற்காலம், சங்க காலம், பல்லவர் காலம் எல்லாம் ஒரே டிப்பர் லாரியில்.

17. "அள்ளிப் போன மண்ணில் ஓடு இருந்தால் பொறுக்கி எடுத்துக்கலாமே டாக்டர்?" என்று கேட்பீர்கள்.

லேபுக்குப் பெயர் ஒட்டாத ரத்தக் குப்பி ஒன்று வருகிறது. ரத்தம் நல்ல ரத்தம்தான். பரிசோதனையும் செய்யலாம். ஆனால் யாருடையது, எப்போது எடுத்தது என்று தெரியாதபோது அந்த ரிசல்ட்டை வைத்து யாருக்கு வைத்தியம் பார்ப்பது? பானை ஓடும் அப்படித்தான். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் அதன் லேபிள். இடம் மாறிவிட்டால் அது வெறும் ஓடு.

18. உடனே "கம்பெனியெல்லாம் வேண்டாம்னு சொல்றீங்களா?" என்று யாராவது வருவார்கள். இல்லைங்க. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்த பிறகு இந்த வட்டாரத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள் என்பது எனக்கும் தெரியும். தோண்டுவது பாவம் இல்லை. தோண்டும்போதுதான் பல விஷயம் தெரியவே வருகிறது.

1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றில் ஒரு கல்லை எடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கல். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்று உலகம் அறிந்தது அந்தக் குழியால்தான். அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே சாந்தி பப்பு குழு செய்த ஆய்வு, சுமார் 15 லட்சம் வருஷம் பழமையான கருவிகள் என்று 2011இல் வெளியானது. குழி தோண்டியவன் கூலிக்காகத் தோண்டினான். பார்க்கத் தெரிந்த ஒரு கண் அங்கே இருந்தது. அதுதான் வித்தியாசம்.

19. கோர்தோபாக்காரர்கள் எல்லாம் சரியாகச் செய்தவர்கள் என்றும் நினைக்காதீங்க. 1991இல் மாட்ரிட்–செவில் அதிவேக ரயிலுக்காக அங்கே நிலையம் கட்டத் தோண்டினார்கள். செர்காதியா என்ற இடத்தில் 3ஆம் நூற்றாண்டு இறுதியைச் சேர்ந்த மாபெரும் ரோமானிய அரண்மனை வளாகம் வெளிப்பட்டது. 1992இல் செவிலில் உலகக் கண்காட்சி. அதற்குள் ரயில் ஓடியாக வேண்டும். அரண்மனையின் பெரும்பகுதியை அழித்துவிட்டு நிலையம் கட்டினார்கள். மிச்சம் இன்றும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மதீனத் அஸ் ஸஹ்ராவைச் சுற்றியும் அனுமதியில்லாத வீடுகள் முளைத்துப் பெரிய பிரச்சினை ஆனது.

ஆக, அவசரம், ரியல் எஸ்டேட், கெடு தேதி எல்லாம் நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. அங்கே நடந்த நல்ல விஷயம், பழைய நகரப் பகுதியில் கட்டடம் எழுப்பும் முன் தொல்லியலாளர் மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கமான நடைமுறையாக ஆனது. ஆபரேஷனுக்கு முன் ஸ்கேன் எடுப்பது மாதிரி. ஸ்கேன் எடுப்பதால் ஆபரேஷன் நின்றுபோவதில்லை, எங்கே கத்தி வைக்கக்கூடாது என்று தெரிகிறது.

20. உங்க ஊர் மேட்டை எப்படி அடையாளம் காண்பது? சில எளிய குறிப்புகள்:

• வயலுக்கு நடுவில் காரணமில்லாமல் உயர்ந்து நிற்கும் நிலம். "நத்தமேடு", "பாழ்நத்தம்" என்ற பெயர். நத்தம் என்றாலே குடியிருப்பு நிலம்.
• உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் பானை ஓடு.
• இன்றைய செங்கல்லைவிட மிகப் பெரிய, தட்டையான செங்கல்.
• குன்று அடிவாரத்தில் வட்டமாகப் பதித்த பாறைகள். அது இரும்புக்கால ஈமச்சின்னமான கல்வட்டமாக இருக்கலாம்.
• வயலில் தனியாகக் கிடக்கும் பழைய சிற்பம், லிங்கம்.

21. பார்த்தால் என்ன செய்யணும்? எடுக்காதீங்க, கழுவாதீங்க, வீட்டு ஷோகேஸில் வைக்காதீங்க. கிடக்கிற இடத்திலேயே போட்டோ எடுங்க, பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனா வைத்து. லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்க. வி.ஏ.ஓ. அல்லது தாசில்தாரிடம் சொல்லுங்க. தமிழ்நாடு தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்க. மண்ணில் புதைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். இன்றும் அமலில் இருக்கிறது. சைட் இன்ஜினியர்கள், ஜேசிபி ஓட்டும் தம்பிகள் இந்த ஒரு பதிவை மட்டுமாவது சேமித்து வைத்துக்கொள்ளுங்க.

22. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்க. காலையில் வடக்குப்பட்டு. பெரிய கட்டடம் எதிர்பார்க்காமல் போங்க; ஏரியையும் மேட்டையும் பார்த்து, ஏன் இங்கே குடியேறினார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்க. அப்படியே வாலாஜாபாத், பழையசீவரம், பாலாறு தாண்டித் திருமுக்கூடல். கல்வெட்டுச் சுவரை விரலால் தேய்க்காமல், மாவு பூசாமல் பாருங்க. மதியத்துக்கு மேல் காஞ்சிபுரம். 8ஆம் நூற்றாண்டுக் கைலாசநாதர் கோயிலை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்க அதோடு நிற்காமல் பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களிலும் கொஞ்சம் நடங்க. வேகவதிக்கு அந்தப் பக்கம் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலின் விதான ஓவியங்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வாங்க.

23. கோர்தோபாவுக்குப் போகிற வசதி வந்தால் தாராளமாகப் போய் வாங்க. அங்கே மசூதியை ஒரு மணி நேரம் பார்த்தால், சந்துகளில் இரண்டு மணி நேரம் நடங்க. ரயில் நிலையத்தில் இறங்கியதும் பக்கத்தில் மிச்சம் கிடக்கும் செர்காதியாவையும் மறக்காமல் பாருங்க.

இப்போதைக்கு ஒரு சின்ன வேலை. இன்று ராத்திரி வீட்டில் இருக்கும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேளுங்க: "நம்ம ஊருக்குப் பக்கத்துல இருக்கிற மேட்டுக்கு என்ன பேரு? அங்க முன்னாடி என்ன இருந்துச்சாம்?" அவர்கள் சொல்வதை அப்படியே கமெண்டில், ஊர் பெயரோடு எழுதுங்க. மேடு இருக்கும்போதே அதன் பெயர் எங்காவது பதிவாகி இருக்கட்டும்.

அடுத்த வாரம் வழக்கம்போல சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு.